பழைய கணினிக்குப் புதிய வேகம்

நம் உசிலம்பட்டியில் பல வீடுகளில் பழைய மேசைக் கணினி ஒன்று மூலையில் கிடக்கிறது. "விளையாட்டு ஓடவில்லை, புதிது வேண்டும்" என்று தம்பிமார் அடம் பிடிக்கின்றனர். அப்பாவிடம் காசு கேட்குமுன், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்போம்.

முதல் வேலைக்குச் செலவே இல்லை. மின்விசிறியில் தூசி அடைத்தால் பிராசஸர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதைத் துடைப்போம்.

அடுத்து, சுழலும் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடலாம். விளையாட்டு விரைவில் திறக்கும். ஆனால் திறந்தபின் படம் திக்குவது இதனால் தீராது. கடையில் இதைச் சொல்லமாட்டார்கள்!

ராம் 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குவது நலம். டிடிஆர்3-க்கு 240 கால்கள், டிடிஆர்4-க்கு 288. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. மதுரைக்கு இருமுறை பேருந்தேறாமலிருக்கப் பழையதைக் கையோடு கொண்டுபோவோம்.

படம் திக்காமல் ஓட கிராபிக்ஸ் அட்டை வேண்டும். பணம் வீணாவது இங்கேதான். மதர்போர்டிலுள்ள செருகுமிடம் 75 வாட் வரைதான் கொடுக்கும். அதற்குமேல் கேட்கும் அட்டைக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி வயர் தேவை. மலிவான எஸ்.எம்.பி.எஸ். அச்சுமையைத் தாங்காமல் அணைந்துவிடும். சில வேளை மதர்போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும். 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-இல் தனி வயர் கேட்காத வகைகள் உண்டு. அதுபோன்றதே பழைய கணினிக்கு ஏற்றது.

அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியை வைத்திருக்கும் அக்காமாரும் கேட்கின்றனர். அதில் கிராபிக்ஸ் அட்டை செருக இடமில்லை, படிப்புக்கே இருக்கட்டும்.