வரப்பும் வன்தட்டும்

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில், மறையூரை அடுத்த மலைச்சரிவில் காந்தலூர் அமைந்துள்ளது. மழை மறைவுப் பகுதியான இங்குத் தமிழ் பேசும் உழவர் பலர் வாழ்கின்றனர். சரிவைப் படிப்படியாக வெட்டி, வரப்புக் கட்டி, ஒரு படியில் புவிசார் குறியீடு பெற்ற பூண்டையும் மற்றொன்றில் காய்கறிகளையும் அவர்கள் பயிரிடுகின்றனர். நிலம் ஒன்றே, வரப்புகள் அதனைப் பலவாகப் பிரிக்கின்றன. எந்த நிலம் எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதை வருவாய்த் துறையின் பதிவேடு காட்டும்.

கணினியின் வன்தட்டும் இத்தகையதே. ஒரே வன்தட்டைப் பல பிரிவுகளாகப் பிரிக்கலாம். அவற்றின் எல்லைகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டுக்குப் 'பிரிவு அட்டவணை' என்று பெயர். 1983-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கணினிகளில் அறிமுகமான அட்டவணை முறை நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கே இடம் தந்தது. இன்று பெரிதும் வழங்கும் ஜி.பி.டி. முறை வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடம் தருவதோடு, அட்டவணையின் நகலொன்றை வன்தட்டின் இறுதியிலும் வைத்திருக்கிறது.

கேரள அரசு 2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2017-இல் 'கைட்' என்னும் நிறுவனமாயிற்று. அதன் வழியே அரசுப் பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம் பரவியது. ஒரே வன்தட்டில் விண்டோஸையும் லினக்ஸையும் தனித்தனிப் பிரிவுகளில் நிறுவிக்கொள்வதும் உண்டு. பின்னர் அவற்றுள் ஒன்றை நீக்க விரும்புவோர் சிலவற்றை முறைப்படி செய்தல் வேண்டும்.

முதலாவது, தேவையான கோப்புகளை வேறொரு கருவியில் நகலெடுத்தல்.

இரண்டாவது, நீக்கப்படும் இயங்குதளத்திலிருந்து வெளியேறுதல். இயங்கிக்கொண்டிருக்கும் தளம் தன் பிரிவைத் தானே அழிப்பது, நுனிக்கொம்பில் அமர்ந்து அடிமரம் வெட்டுவது போன்றது. ஆகவே எஞ்சவிருக்கும் தளத்திலிருந்தோ, பென் டிரைவில் உள்ள தளத்திலிருந்தோ கணினியை இயக்க வேண்டும்.

மூன்றாவது, தொடக்க நிரலைக் கவனித்தல். கணினி விழித்தவுடன் எந்த இயங்குதளத்தை எழுப்புவது என்று காட்டும் வாயிற்காவலனே தொடக்க நிரல். லினக்ஸ் நிறுவப்பட்டால் பெரும்பாலும் அதன் 'கிரப்' என்னும் நிரலே இப்பணியை ஏற்கும். கிரப்புக்கு வேண்டிய கோப்புகள் லினக்ஸின் பிரிவில் இருக்கும். அப்பிரிவை முதலில் அழித்துவிட்டால், விண்டோஸ் பழுதின்றி இருந்தும் கணினி அதனை எழுப்ப வழியறியாது நின்றுவிடக்கூடும். எனவே தொடக்கப் பொறுப்பை எஞ்சும் தளத்திடம் ஒப்படைத்த பின்னரே பிரிவை நீக்க வேண்டும். அளவையும் பெயரையும் ஒருமுறைக்கு இருமுறை ஒப்பிட்டு, 'ஜிபார்ட்டட்' போன்ற மென்பொருளால் நீக்கலாம். கிடைக்கும் வெற்றிடத்தை அருகிலுள்ள பிரிவோடு சேர்க்கலாம். புதிய பிரிவாகவும் ஆக்கலாம்.

இவ்வளவு செய்தும் பழைய தரவு அழிந்துவிடுவதில்லை. பதிவேட்டில் ஒரு நிலத்தின் பெயரை அடித்துவிட்டால் மண்ணுக்குள் இருக்கும் பூண்டு மறைந்துவிடுமா? பிரிவை நீக்கும்போதும் அட்டவணைக் குறிப்பே நீங்குகிறது. கோப்புகள், அவற்றின்மேல் வேறொன்று எழுதப்படும் வரை, இருந்த இடத்திலேயே இருக்கக்கூடும். தவறுதலாக நீக்கியவருக்கு இது நன்மை. உடனே கணினிப் பணியை நிறுத்தினால், 'டெஸ்ட்டிஸ்க்' போன்ற மென்பொருளால் பிரிவை மீட்க வாய்ப்புண்டு. கணினியை விற்பவருக்கோ இது தீமை. அமெரிக்க ஆய்வாளர் இருவர் விலைக்கு வாங்கிய பழைய வன்தட்டுகளுள் 129-ஐப் படிக்க முடிந்தது. அவற்றுள் 12 மட்டுமே முறையாகத் துடைக்கப்பட்டிருந்தன என்று 2003-இல் வெளியிட்டனர்.

மாணவர்தம் மதிப்பெண்ணும் முகவரியும் பதிந்த பள்ளிக் கணினியைக் கைமாற்றுமுன் வன்தட்டு முழுவதையும் சுழியங்களால் மேலெழுத வேண்டும். நகரும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. வகைக்கு அதற்கெனவே அமைந்த அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். வரப்பை அகற்றுவது ஒரு பணி. விளைந்ததை அகற்றுவது வேறொரு பணி.

சொற்பொருள்
தரவு – கணினியில் பதிந்த செய்தி
சுழியம் – பூச்சியம்
கட்டற்ற – எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையுள்ள

விடை எழுதுக
1. பிரிவு அட்டவணை எதனுடன் ஒப்பிடப்படுகிறது? ஏன்?
2. தொடக்க நிரலைக் கவனியாது பிரிவை நீக்கினால் நேர்வது யாது?
3. 'நீக்குதல்', 'அழித்தல்' ஆகியவற்றின் வேறுபாட்டைப் பாடத்தின் வழி விளக்குக.

பிரித்து எழுதுக
வன்தட்டு, வெற்றிடம், நுனிக்கொம்பு

செயல்பாடு
பழைய கணினியைப் பிறருக்கு வழங்குமுன் செய்ய வேண்டியவற்றை ஐந்து தொடர்களில் அறிவிப்பாக எழுதுக.