கை மணமும் கெண்டை மீனும்

கேள்வி: முகத்தில் மங்கு விழுந்ததால் தோல் டாக்டரைப் பார்த்தேன். வெயிலில் போவதாக இருந்தால் சன்ஸ்கிரீன் தடவாமல் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். விடுமுறை நாளில் திருமலைராஜனாற்றங்கரையில் தூண்டில் போடுவது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். கிரீம் தடவ ஆரம்பித்ததிலிருந்து கெண்டை சரியாகக் கடிப்பதில்லை. ‘உன் கையில் வருகிற செண்ட் வாசனைக்கு மீன் எப்படிக் கிட்ட வரும்?’ என்கிறார்கள் கூட வருகிறவர்கள். உண்மையா? மீனுக்காகக் கிரீமை விட்டுவிடலாமா?
— வாசகர், விழிதியூர்

பதில்: முதலில் கடைசிக் கேள்விக்குச் சொல்லிவிடுகிறேன். கிரீமை விட வேண்டாம். மங்கு வெயில் பட்டால் கருக்கும். மருந்தால் வெளுத்த இடம்கூடப் பாதுகாப்பில்லாமல் நாலு நாள் வெயிலில் நின்றால் பழையபடி ஆகிவிடும். கெண்டை இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்குக் கிடைக்கும்.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. செண்ட் வாசனை காற்றில் மிதந்து வந்து நம் மூக்கில் ஏறுகிறது. மீனுக்கு அப்படியில்லை, அதன் மூக்குக்கு எட்டுவது தண்ணீரில் கரைந்து வருவது மட்டும்தான். பெரும்பாலான மீன்களுக்கு முகத்தில் பக்கத்துக்கு இரண்டு துளை உண்டு. முன் துளையில் நுழைகிற தண்ணீர் உள்ளே இருக்கும் மடிப்புகளைத் தொட்டுக்கொண்டு பின் துளையில் வெளியேறும். இதற்கும் மூச்சுக்கும் சம்பந்தமில்லை. இரையிலிருந்து கசிகிற அமினோ அமிலங்களை அது மிகமிகக் குறைந்த அளவிலும் கண்டுபிடித்துவிடும். நமக்கு மூக்கைத் துளைக்கிற மணம் மீனுக்குத் தெரியாமலே போகலாம். நமக்கு மணமே இல்லாத ஒன்று அதற்குப் பெரிதாகத் தெரியலாம்.

ஆகவே நான் சந்தேகப்படுவது கிரீமின் வாசனையை அல்ல, அதன் பசையை. வியர்வையில் கரையாமல் நிற்பதற்காகவே இந்தக் கிரீம்களில் எண்ணெய்ப் பசை சேர்க்கிறார்கள். அந்த விரலால் இரைக்கு மைதா மாவைப் பிசைந்தால் உருண்டை முழுக்க அது கலந்துவிடும். கெண்டை இரையை எடுத்த எடுப்பில் விழுங்குகிற மீனில்லை. வாய்க்குள் இழுத்து, ருசி பார்த்து, பிடிக்காவிட்டால் துப்பிவிடும். தக்கை இரண்டு முறை துடித்துவிட்டுச் சும்மா கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மண்புழு போடுகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம். புழு தோலால் மூச்சு விடுகிற உயிர். பசை ஒட்டினால் நெளிவு அடங்கிப் போகலாம்.

எல்லா மீனும் ஒன்றுபோல இல்லை. விரால் அசைவைக் கண்ணால் பார்த்துப் பாய்கிற மீன். தவளையைக் கோத்துத் தண்ணீர் மேல் தத்த விட்டால் ஓடி வந்து கவ்வும், உங்கள் கையில் என்ன தடவியிருக்கிறீர்கள் என்று நின்று விசாரிக்காது. கெளுத்தி அப்படியில்லை. மீசையிலும் உடம்பிலும் அதற்குச் சுவை மொட்டுகள் உண்டு. அமெரிக்கக் கெளுத்தி ஒன்றின் உடம்பில் லட்சத்துக்கும் மேலான சுவை மொட்டுகள் இருக்கின்றன. புதுத் தண்ணீர் வந்து ஆறு செம்மண் நிறமாக ஓடும்போது கண்ணை நம்பும் மீனுக்கு வேலை குறைவு, மீசையை நம்பும் மீனுக்கு அதுதான் வேட்டைக் காலம். கலங்கல் தண்ணீரில் கெளுத்திக்குப் போடுகிற நாளில்தான் கை சுத்தமாக இருப்பது ரொம்ப முக்கியம்.

மனிதன் கை மணத்துக்கே மீன் ஓடும் என்று சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கனடாவில் 1950களில் நடந்த ஆய்வு. ஆற்றில் ஏறி வரும் சால்மன் மீன்களுக்கு மேலே, தண்ணீரில் கையை நனைத்தால் அவை மிரண்டு நின்றன. கரடியின் பாதத்தை நனைத்தாலும் அப்படியே. தோலிலிருந்து கசியும் செரின் என்ற அமினோ அமிலமே காரணம் என்று 1956இல் கண்டார்கள். அது கரடிக்கு இரையாகும் சால்மனின் பயம். நம் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அதை அப்படியே பொருத்த முடியாது. அமினோ அமிலங்கள் கெளுத்தியை இரை பக்கம் இழுக்கிறவை.

நம் மீன்களுக்குப் பொருந்துவது வேறொன்று. காயம்பட்ட மீனின் தோலிலிருந்து கசியும் ஒரு பொருள் அதே இன மீன்களைக் கலைத்து ஓடச் செய்கிறது என்று கார்ல் வான் ஃபிரிஷ் 1938இல் எழுதினார். பின்னாளில் 1973இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். கெண்டையும் கெளுத்தியும் இந்தக் குணமுள்ள கூட்டத்தைச் சேர்ந்தவை. ஜிலேபியும் விராலும் அந்தக் கூட்டத்தில் இல்லை. தூண்டில் முள்ளைப் பிடுங்கும்போது கெண்டையின் தோலும் செதிலும் விரலில் ஒட்டுகின்றன. அதே விரலால் அடுத்த உருண்டையை உருட்டுகிறோம். என்னைக் கேட்டால் கெண்டை பிடிக்கிறவர் கிரீமைவிட இதற்குத்தான் கவலைப்பட வேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் பிறகு கையைக் கழுவுங்கள், மீன் போட்ட பாத்திரத்துத் தண்ணீரை மட்டும் தூண்டில் போடுகிற இடத்தில் கொட்டாதீர்கள்.

இனி செய்முறை. மாவைக் கிரீம் தடவுவதற்கு முன்பே வீட்டில் பிசைந்து வாழையிலையில் மடித்து வைத்துவிடுங்கள். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால் முகத்திலும் கழுத்திலும் தடவிக்கொண்டு, விரல்களை வாசனை குறைந்த சோப்பால் நன்றாகக் கழுவுங்கள். வெறும் தண்ணீரில் பசை போகாது. கைக்குத் தடவ வேண்டுமானால் இடது புறங்கையில் பிதுக்கி, இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைக்கும் விரல் நுனிக்கும் கிரீம் தேவையே இல்லை. கரைக்குப் போனதும் ஈரச் சேற்றை எடுத்து விரல் நுனிகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு இரையைத் தொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மறுபடி தடவும்போதும் இதே முறைதான். முழுக்கைச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் போட்டால் கிரீம் பூச வேண்டிய இடமே பாதியாகக் குறையும்.

கொசு விரட்டிக் கிரீமில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சில வகைகளில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். ரப்பர்த் தவளை போடுகிறவர்கள் அந்தக் கையால் அதைத் தொடவே கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் இருந்தால் சோதித்துவிடலாம். ஒரே அளவு முள், ஒரே நரம்பு, ஒரே மாவு, இரண்டு தூண்டில். ஒன்றில் சுத்தமான விரலால் இரை கோத்துப் போடுங்கள், இன்னொன்றில் கிரீம் தொட்ட விரலால். பக்கத்துப் பக்கத்தில் போட்டு, அரை மணிக்கு ஒருதரம் இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் நல்ல மடுவில் விழுந்த தூண்டில் ஜெயித்துவிடும். ஒரு நாள் கணக்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். கெண்டை எத்தனை, கெளுத்தி எத்தனை, தண்ணீர் தெளிவா கலங்கலா என்று தனித்தனியாகக் குறித்து எங்களுக்கு எழுதுங்கள்.