கண்ணறிந்து அமைக்கும் குறிகள்

சுங்கை காடுட், நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பானுக்கு அருகில் உள்ள ஊராகும். புகைமூட்டம் சூழும் நாள்களில் அங்குள்ளோர் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைக் கைப்பேசியில் பார்ப்பதுண்டு. தோட்ட வேலைக்குப் போகலாமா, ஆஸ்துமா உள்ள பிள்ளையைத் திடலில் விளையாட விடலாமா என்பதை அந்த ஒரு பார்வையே முடிவு செய்யக்கூடும். ஆகவே, திரையில் தோன்றும் குறி பார்த்தவுடன் பிழையின்றிப் புரிய வேண்டும்.

மலேசியாவில் இக்குறியீடு ஐந்து நிறங்களால் காட்டப்படுகிறது. 50 வரை நீலம். அது நல்ல காற்று. 51 முதல் 100 வரை பச்சை, மிதமானது. 101 முதல் 200 வரை மஞ்சள், உடல்நலத்திற்குக் கேடானது. 201 முதல் 300 வரை ஆரஞ்சு, மிகவும் கேடானது. 300ஐத் தாண்டினால் சிவப்பு, ஆபத்தானது. நம் கண் எண்ணைப் படிப்பதற்கு முன்பே நிறத்தைக் கண்டுகொள்கிறது. பல நீலப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால், அதைத் தேட வேண்டியதில்லை. அதுவே கண்ணில் படும்.

எனினும், நிறத்தை மட்டும் நம்ப முடியாது. எல்லாரும் நிறங்களை ஒரே மாதிரி காண்பதில்லை. சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பு, பச்சை சார்ந்த நிறங்களைப் பிரித்தறிவது கடினம். பெண்களைவிட ஆண்களிடமே இக்குறைபாடு மிகுதி. அறிவியலாளர் ஜான் டால்டன், தமக்கிருந்த இக்குறைபாட்டைப் பற்றி 1794இல் கட்டுரை வாசித்தார். இத்தகையோருக்குப் பச்சையும் ஆரஞ்சும் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றலாம். அப்பொழுது மிதமான காற்றுக்கும் மிகவும் கேடான காற்றுக்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும்.

நிறத்திற்கு மற்றொரு குறையும் உண்டு. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் மூவாரில் குறியீடு 746ஐ எட்டியது. அங்கு அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஆனால், 301க்கும் 746க்கும் நிறம் ஒன்றே. மாறாக, 100க்கும் 101க்கும் இடையே காற்றில் பெரிய மாற்றமில்லை, நிறமோ மாறிவிடுகிறது. இக்குறைகளை எண்ணும் சொல்லும் ஈடுசெய்கின்றன.

உருவளவைக் கணிப்பதிலும் கண் தவறுவதுண்டு. ஒரு வட்டத்தின் பரப்பை இரு மடங்காக்கினாலும், அது அவ்வளவு பெரியதாகப் பலருக்குத் தோன்றாது. ஒரே கோட்டிலிருந்து எழும் பட்டைகளின் உயரத்தையோ கண் எளிதாக ஒப்பிடும். கிளீவ்லண்ட், மெக்கில் என்னும் ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வும் இதை உணர்த்தியது.

தரவு உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. அதைக் காட்டும் குறி, காண்பவரின் கண்ணுக்கும் பொருந்த வேண்டும். நிறம் எச்சரிக்கட்டும்; எண் அளவைச் சொல்லட்டும்; சொல் பொருளை விளக்கட்டும். மூன்றும் சேர்ந்தால்தான் எவரும் ஏமாறாமல் முடிவெடுக்க இயலும்.