தோட்டத்து முயலும் முதற் சீலமும்

பஞ்சசீலம் ஏற்ற இல்லறத்தார் சிலர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. வீட்டின் பின்புறத்தில் நாலு பாத்தி கட்டி அவரையும் கத்தரியும் கீரையும் போடுகிறோம். இரவோடிரவாக முயல் வந்து முளையைத் தின்றுவிட்டுப் போகிறது. எஞ்சியதை அணிலும் எலியும் பார்த்துக்கொள்கின்றன. உயிர்க்கொலை செய்யேன் என்று உறுதி பூண்டவன் என் செய்வது? இவ்வினாவை எளிதாக எண்ணிவிடலாகாது. சந்தையில் காய் வாங்கும் வசதியுள்ளவனுக்குத் தோட்டத்து முயல் ஒரு வேடிக்கை. கொல்லைப்புறத்து அவரையை நம்பிக் குழம்பு வைக்கும் குடும்பத்துக்கு அஃது இழப்பு. அவ்விழப்பைக் கணக்கில் எடாமல் கருணையைப் போதிப்பது நமக்கு உடன்பாடன்று. ஆகவே சீலத்தையும் பாத்தியையும் சேர்த்தே இங்கு ஆராய்வோம்.

கோலார்த் தங்கவயலிலும் பெங்களூரின் புறப்பகுதிகளிலும் வாழும் நம் அன்பர்களுக்கு இது புதிய செய்தியாகாது. தங்கவயலில் 2001 ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. குடியிருப்புகளைச் சுற்றிப் புதர் மண்டிய வெளிகள் பல உள்ளன. பெங்களூரிலோ நேற்றுவரை கேழ்வரகும் மொச்சையும் விளைந்த மேட்டு நிலங்கள் இன்று மனைகளாகிவிட்டன. முயல் நம் வீட்டைத் தேடி வரவில்லை. அது மேய்ந்த புல்வெளியில் நாம் வீடு கட்டினோம். இதை நினைவிற் கொண்டால் சினம் பாதி தணியும். மீதிப் பாதிக்கு வேலி வேண்டும். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில் முயல் யாதென அறிதல் வேண்டும். தமிழில் இரண்டு வேறு விலங்குகளை முயல் என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயல் ஐரோப்பாவில் தோன்றிய குழிமுயல் இனத்தின் வழிவந்தது. மண்ணில் வளை தோண்டி, அதில் கண் திறவாத, மயிரில்லாத குட்டிகளை ஈனுவது அவ்வினத்தின் இயல்பு. நம் காட்டிலும் வயலிலும் ஓடுவது அதுவன்று. இது பிடரியில் கருமை படர்ந்த நாட்டு முயல். வளை தோண்டும் வழக்கம் இதற்கில்லை. புல்லிடையே உடலளவு பள்ளமாக ஒரு படுக்கை செய்துகொண்டு பகல் முழுதும் அசையாது கிடக்கும். பொழுது சாய்ந்தபின் எழுந்து மேயும். இதன் குட்டி பிறக்கும்போதே மயிரும் திறந்த கண்ணும் உடையது.

இவ்வேறுபாட்டை ஏன் இவ்வளவு விரிக்கிறோம் எனின், இதனை அறியாமையால் நல்ல மனமுடையோரே பாவத்துக்கு ஆளாகின்றனர். புல் அறுக்கும்போது முயற்குட்டி ஒன்று தனியே கிடக்கக் காண்கிறார்கள். அருகில் தாயைக் காணோம், வளையையும் காணோம். ஐயோ, அநாதை என்று இரங்கி வீட்டுக்கு எடுத்துச் சென்று பசுவின் பாலைப் புகட்டுகிறார்கள். பெரும்பாலும் அது சில நாளில் இறந்துபோகிறது. உண்மையில் அக்குட்டி அநாதையன்று. பகற்பொழுதில் குட்டியின் அருகே இராமல் விலகியிருப்பதே தாய்முயலின் காவல். அவ்வாறு விலகியிருப்பதால் நரியும் நாயும் மோப்பம் கொண்டு வந்து சேர்வதில்லை. இருட்டிய பின் தாய் வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி விலகிவிடும். எனவே குட்டியைக் கண்டவர் செய்யத்தக்கது, அரிவாளை அவ்விடத்தில் நிறுத்திவிட்டு இரண்டு முழம் புல்லை அப்படியே விட்டுச் செல்வதுதான். எடுத்துவந்தோர் உடனே எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிடுக. நாயைக் கட்டிவைப்பதும் அன்றைய தருமத்தில் அடங்கும்.

இனிப் பாத்தியிடம் வருவோம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது பழமொழி. தோட்டக்காரர்களோ பிடிக்காத முயலின்மேலும் வழக்குத் தொடுக்கிறார்கள்! காலையில் கன்று ஒடிந்து கிடந்தால் குற்றவாளி முயலே என்று தீர்ப்பாகிவிடுகிறது. சற்றுக் குனிந்து பார்த்தால் வேறு சாட்சிகள் கிடைக்கும். முயல் கடித்த தண்டு கத்தியால் சாய்த்து வெட்டினாற்போல் சுத்தமாக இருக்கும்; அருகில் உருண்டையான, நார் நிறைந்த புழுக்கைகள் கிடக்கும். கன்று தரைமட்டத்தில் அறுபட்டு, தின்னப்படாமல் அப்படியே சாய்ந்து கிடந்தால் மண்ணைக் கிளறிப் பாருங்கள். சுருண்டு படுத்திருக்கும் வெட்டுப்புழு அகப்படும். இலையில் ஓட்டை விழுந்து, பளபளக்கும் கோடு தெரிந்தால் அது நத்தை சென்ற வழி. காயைக் கொறித்துப் பாதியில் விட்டிருந்தால் எலியையும் அணிலையும் நினைக்க வேண்டும். இதையெல்லாம் பாராமல் முயலுக்குக் கண்ணி வைப்பவன், உயிரையும் கொன்று கத்தரியையும் இழக்கிறான். புழு மறுநாளும் அறுக்கும் அன்றோ?

முயல்தான் என்று உறுதிப்பட்டால் வேலி கட்டுக. கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலை போதும். கண் ஓர் அங்குலத்துக்கு மேற்படலாகாது. உயரம் மூன்றடி இருக்கட்டும். பலர் தவறவிடுவது அடிப்பகுதியை: வலையின் கீழ் அரையடியை வெளிப்பக்கமாக மடித்துத் தரையிற் பதித்து மண்ணோ கல்லோ இட்டு மூட வேண்டும். நாட்டு முயல் வளை தோண்டாவிடினும் தளர்ந்த விளிம்பைத் தலையால் முட்டி நுழைந்துவிடும். தோட்டம் முழுவதற்கும் வலை வாங்கப் பொருள் இல்லையென்றால் நாற்றங்காலுக்கும் அவரை முளைக்கும் மட்டும் கட்டினாலும் பெரும்பயன் உண்டு; தண்டு முற்றிய செடியைவிட இளமுளையையே முயல் மிகுதியும் நாடும். நொச்சியும் ஆடாதோடையும் நெருக்கி நட்ட உயிர்வேலி ஆடு மாடுகளைத் தடுக்கும், முயலைத் தடுக்காது. வேலியில் மின்சாரம் பாய்ச்சும் கொடுமையைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. அது சட்டத்துக்குப் புறம்பானது. விலங்குகளையும், இருட்டில் வழி தவறிய மனிதரையும் கொன்றிருக்கிறது. முயலைக் கண்ணி வைத்துப் பிடிப்பதும் கொல்வதும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமே. தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் பொங்கலை ஒட்டி முயல் வேட்டைக்குப் புறப்படும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை என்பது வருந்தத்தக்கது.

சட்டம் ஒருபுறமிருக்க, சீலம் என்ன சொல்கிறது? உயிர்க்கொலை நிறைவுற ஐந்து உறுப்புகள் கூட வேண்டும் என்று அட்டகதை ஆசிரியர் வகுத்துள்ளனர். அங்கே ஓர் உயிர் இருத்தல், அஃது உயிர் என்று அறிந்திருத்தல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அம்முயற்சியால் அது சாதல். மண்வெட்டியால் பாத்தி கொத்தும்போது மண்புழு அறுபடுகிறது. அங்கே கொல்லும் எண்ணம் இல்லை. ஆதலின் உழவுத்தொழில் சீலத்துக்கு மாறானது என்று அஞ்ச வேண்டுவதில்லை. வேலி கட்டுவதிலும் எண்ணம் காத்தலே. கண்ணியிலும் நஞ்சிலும் ஐந்து உறுப்புகளும் ஒருங்கே நிற்கின்றன. முயல் அகப்படும் வேளையில் நாம் உறங்கிக்கொண்டிருந்தோம் என்பதனால் எதுவும் குறையாது. எலி மருந்து இன்னும் ஒருபடி கொடிது. புரோமடையலோன் போன்ற மருந்தை உண்ட எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதனைப் பற்றித் தின்னும் கூகையின் உடலிலும் அந்நஞ்சு சேர்கிறது. எலி பிடிக்கும் கூகையைக் கொன்றுவிட்டு எலி பெருகுகிறதே என்று முறையிடுவோர் எத்தனை பேர்!

தோட்டத்தில் எண்ணமின்றியே பேரழிவு செய்யும் செயல் ஒன்றுண்டு; அது குப்பைக்குத் தீ வைத்தல். சசஜாதகத்தை அன்பர்கள் அறிவர். போதிசத்துவர் முயலாகப் பிறந்து, அந்தணன் வடிவில் வந்த சக்கனுக்குத் தம் உடலையே உணவாக அளிக்கத் தீயிற் பாய்ந்தார் என்பது கதை. நிலவிலே முயலுருவம் தோன்றுவதற்குக் காரணம் கூறும் கதையாகவே பலரும் அதனை நினைவில் வைத்திருக்கிறார்கள். நமக்கோ அதில் வேறோர் இடம் பெரிதாகத் தோன்றுகிறது. பாய்வதற்கு முன் அம்முயல் தன் உடலை மும்முறை உதறிற்று. மயிரிடையே வாழும் சிறு பூச்சிகள் தன்னோடு வெந்து மடியலாகாது என்பதற்காக. தன் உயிரைக் கொடுக்கும் நேரத்திலும் பிற உயிரை மறவாத அந்த உதறலைத் தோட்டக்காரன் கற்க வேண்டும்.

அசோக வேந்தர் இதையே அரசாணையாக்கினார். முடிசூடி 26 ஆண்டுகள் கழிந்தபின் அவர் பொறித்த ஐந்தாம் தூண் சாசனத்தில், உயிர்கள் உறையும் உமியைக் கொளுத்தலாகாது என்றும், காரணமின்றியோ உயிர்களைத் துன்புறுத்தவோ காட்டுக்குத் தீயிடலாகாது என்றும் விதிக்கிறார். கொல்லத்தகாத உயிர்களின் பட்டியல் ஒன்றும் அதிலுண்டு. கிளி, வௌவால், ஆமை எனச் செல்லும் அவ்வரிசையில் ‘பம்னசச’ என்றொரு பெயர் வருகிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் இலைமுயல் எனப் பொருள்படும். அறிஞர் அதனை அணில் எனக் கொள்வர். தில்லியில் நிற்கும் தோப்ரா தூணிலும் இச்சாசனம் உள்ளது. பேரரசர் ஒருவர் உமிக்குவியலைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பது நமக்கு வியப்பளிக்கிறது. நம் கொல்லையின் இலைக்குவியலில் தேரை, ஓணான் முட்டை, சில வேளை முயலும் இருக்கக்கூடும். எரிக்காமல் மட்க விடுவதே நன்று, உரமும் கிடைக்கும். அகற்றியே தீரவேண்டுமாயின் கோலால் புரட்டி இடம் மாற்றி, உள்ளிருப்பவை ஓடுவதற்கு அவகாசம் கொடுத்த பின் அகற்றுக.

அணிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. இராசகிருகத்து வேணுவனத்தில் பகவான் தங்கியிருந்த இடத்துக்கே அணில்களுக்கு இரையிடும் இடம் என்று பெயர். கொய்யாப் பிஞ்சுக்குத் துணிப்பை கட்டிவிட்டு, உச்சிக்கிளைப் பழத்தை அவற்றுக்கு விட்டுவிடலாம். ஓணானின் நிலைமைதான் இரங்கத்தக்கது. நம் சிறுவர்கள் அதைக் கண்டவுடன் கல் எடுக்கிறார்கள். பழங்கதை ஒன்றைச் சொல்லிப் பெரியோரும் நகைத்து நிற்கிறார்கள். அது நாள் முழுதும் பூச்சி பிடித்துத் தின்று நம் செடியைக் காக்கிறது. ஞாயிறு வகுப்பில் சீலம் ஒப்பிக்கும் பிள்ளை, திங்களன்று ஓணானை அடிப்பின் குற்றம் பிள்ளையுடையதன்று.

பாம்பைப் பற்றிப் பேசாமல் இப்பாடம் நிறைவுறாது. உண்மையான அச்சம் அங்கேதான் இருக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் நம் நாட்டில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்தனர் என்று 2020 இல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிடுகிறது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களுள் மிகப் பலர் சிற்றூர்களில் வாழ்ந்தோர். ஆகவே, தவழும் குழந்தை உள்ள வீட்டில் பாம்பைக் கண்ட தாயிடம் மைத்திரி பாவனையைப் பற்றி மட்டும் பேசுவது போதாது. பாம்பு கடித்துப் பிக்கு ஒருவர் இறந்தபோது பகவான் நால்வகை நாகர் குலங்கள்மீதும் மைத்திரி பரப்பும்படி அருளினார் என அங்குத்தர நிகாயம் கூறும். அதனை ஓதுவோம், கடிபட்டவரை மருத்துவமனைக்கும் கொண்டுசெல்வோம். கயிற்றால் இறுக்குவதும் கத்தியால் கீறுவதும் கேடு. கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைதல் ஒன்றே வழி.

பெரும்பாலான நச்சுக்கடிகளுக்குக் காரணமானவை நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். சாரை நஞ்சற்றது, எலியைத் தின்று நமக்கு உதவுவது. நல்லபாம்பு என மயங்கி அதனையே மிகுதியாக அடிக்கிறோம். பாம்பு வருவது எலிக்காக. எலி வருவது தானியத்துக்காகவும் எச்சிற் சோற்றுக்காகவும். தானியத்தைத் தகர டப்பாவில் மூடிவைத்து, சுவரோரக் கல்லையும் விறகையும் அகற்றி, இரவில் விளக்கின்றி நடவாமலிருந்தால் இரு தரப்புக்கும் நன்மை. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் புகுந்து தரையிற் படுத்திருப்போரைக் கடிப்பதுண்டு. கட்டிலிற் படுத்துக் கொசுவலையின் ஓரங்களைப் பாயின் கீழ் செருகிக்கொள்ளுதல் நல்ல காவல். வீட்டுக்குள் வந்துவிட்டால் குழந்தைகளை விலக்கி, தொலைவிலிருந்து அதன்மேல் கண் வைத்துக்கொண்டு வனத்துறைக்கோ பயிற்சி பெற்ற பாம்பு பிடிப்போருக்கோ சொல்லி அனுப்புக. அச்சத்தின் நடுக்கத்தில் அடித்துவிட்டவரைச் சங்கக் கூட்டத்தில் வைத்துப் பழிப்பது நம் முறையன்று. அவர் வீட்டுச் சுவரோரத்துக் கற்களை அகற்ற இரண்டு பேர் உதவிக்குப் போவது முறை.

குரங்குக்கு மட்டும் நாம் வேறு யோசனை சொல்வோம். பழமும் பிஸ்கட்டும் கொடுத்துப் பழக்குவது கருணையாகாது. கைநீட்டி வாங்கிய குரங்கு நாளடைவில் பறிக்கத் தொடங்கும். பிறகு ஊரார் கல்லெடுப்பர். குரங்கோ கீரியோ கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வெறிநோய்த் தடுப்பூசிக்குச் செல்க.

வேலி கட்டுவதற்கு ஏற்ற காலம் வைகாசி. ஆனி, ஆடியில் கேழ்வரகோடு அவரை விதைப்போர், விதை மண்ணில் விழுமுன்னரே வலையைக் கட்டிவிட வேண்டும். முளையின் சுவையை ஒருமுறை அறிந்த முயல் மறுபடியும் அவ்வழியே வரும். வலை விலை அதிகமென்றால், அடுத்தடுத்த மூன்று நான்கு வீட்டார் கூடி ஒரே சுருளாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது சிக்கனம்.