பிறர் விடும் புகையை அளப்பது எவ்வாறு?

புகை பிடிப்பவர் தம் இருதயத்துக்குத் தீங்கு தேடிக் கொள்கிறார் என்பது யாவரும் அறிந்ததே. அவர் அருகிலிருந்து அப்புகையைச் சுவாசிப்பவருக்கு எவ்வளவு தீங்கு நேரிடுகிறது? இதனை ஆராயப் புகுந்த விஞ்ஞானிகளுக்கு முதலிலேயே ஓர் இடர்ப்பாடு தோன்றியது. தாம் பிடித்த சிகரெட்டுகளை ஒருவர் எண்ணிச் சொல்லக்கூடும். பிறர் விட்ட புகை தம் உடலுள் எவ்வளவு சென்றது என்பதை எவராலும் சொல்ல இயலாது.

ஆகவே, வாழ்க்கைத் துணைவர் புகை பிடிப்பவரா என்று வினவுவதே தொடக்கத்தில் வழக்கமாக இருந்தது. இம்முறை எளிது, எனினும் குறையுடையது. வீட்டில் புகையே இல்லாத ஒருவர், தொழிற்சாலையிலோ உணவு விடுதியிலோ நாள்தோறும் புகையைச் சுவாசிக்கக்கூடும். கேள்வித்தாளோ அவரைப் புகைக்கு ஆளாகாதவர் வரிசையில் சேர்த்துவிடும். இரு சாராரும் இவ்வாறு கலந்துவிடின், அவர்களுக்கிடையே உள்ள வேறுபாடு மங்கி, தீங்கு உள்ளதைவிடக் குறைவாகவே தோன்றும்.

இக்குறையை நீக்க உதவுவது கோட்டினின் என்னும் பொருள். புகையிலையிலுள்ள நிக்கோட்டின் உடலுள் சென்றபின் பெரும்பாலும் ஈரலில் கோட்டினினாக மாறுகிறது. இரத்தத்தில் நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. கோட்டினின் பாதியாகக் குறைவதற்கோ ஏறத்தாழ 16 மணி நேரம் அல்லது அதற்கு மேலும் ஆகிறது. ஆதலால், புகை எவ்விடத்திலிருந்து வந்ததாயினும், அண்மையில் சில நாட்களில் உட்சென்ற அளவை இரத்தம், சிறுநீர், உமிழ்நீர் ஆகியவற்றுள் ஒன்றைச் சோதித்து மதிப்பிடலாம்.

பிரிட்டனில் 18 நகரங்களைச் சேர்ந்த நடுத்தர வயது ஆடவர்களிடம் 1978 முதல் 1980 வரை எடுத்த இரத்த மாதிரிகள் இவ்வாறு சோதிக்கப்பட்டன. புகை பிடிப்பதில்லை எனக் கூறியவர்களுள் கோட்டினின் அளவும் அதற்கு இணங்க இருந்த 2,105 பேர், அவ்வளவின்படி நான்கு சம பிரிவுகளாக வகுக்கப்பட்டு, 20 ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். 2004-இல் வெளியான முடிவின்படி, மிகக் குறைந்த அளவுடைய பிரிவினரைக் காட்டிலும் ஏனைய மூன்று பிரிவினருக்கும் இருதய நாள நோய் உண்டாகும் அபாயம் 45 முதல் 57 சதவீதம் வரை அதிகமாக இருந்தது. துணைவரின் பழக்கத்தை மட்டும் கொண்டு கணக்கிட்டபோது இத்தொடர்பு தெளிவாகப் புலப்படவில்லை.

இச்சோதனைக்கும் எல்லை உண்டு. ஒருமுறை எடுத்த மாதிரி பல ஆண்டுகளின் நிலையைக் காட்டாது. மேற்கூறிய ஆராய்ச்சியிலும், முதல் சில ஆண்டுகளில் வலுவாயிருந்த தொடர்பு பிற்பகுதியில் தளர்ந்தது. மேலும், புகையிலையை மெல்லுவோரின் இரத்தத்திலும் கோட்டினின் காணப்படும். அப்பழக்கம் பரவியுள்ள இந்தியாவில் அதனையும் விசாரித்தறிந்த பின்னரே முடிவு கூறுதல் வேண்டும். ஆகவே சோதனையும் வினாவும் ஒன்றுக்கொன்று துணையாதல் அவசியம். வீட்டில் எவரும் புகை பிடிப்பதில்லை என்ற விடை மட்டும் இருதயத்தின் பாதுகாப்புக்குச் சான்றாகாது.