வீடா, விடுதியா, முகாமா? பெருந்தொற்றுக் காலத்தில் நாடு கடப்பவருக்கு

பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு நாட்டுக்குள் நுழைபவரிடம் மூன்று கேள்விகள் கேட்கப்படும். எங்கிருந்து வருகிறார், கையில் என்ன சான்று இருக்கிறது, தனிமை நாள்களை எங்கே கழிக்கப்போகிறார் என்பவை அவை. முதல் இரண்டுக்கும் கிடைக்கும் விடையை வைத்துத்தான் மூன்றாவது முடிவாகும். 2020 முதல் 2022 வரை கோவிட் பரவிய நாள்களில் நாட்டுக்கு நாடு விதி வேறுபட்டது, மாதத்துக்கு மாதம் மாறவும் செய்தது. ஆனால் தனிமை இருக்கும் இடம் என்று பார்த்தால் பெரும்பாலும் வீடு, கட்டண விடுதி, அரசு முகாம் என்ற மூன்றில் ஒன்றாகவே இருந்தது.

இந்தியா 2020 மே 24இல் வெளியிட்ட விதி இந்த இடங்களைக் கலந்து வைத்தது. முதல் 7 நாள் சொந்தச் செலவில் அரசு குறித்த இடத்தில், அடுத்த 7 நாள் வீட்டில். கர்ப்பிணிகள், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு வரும் பெற்றோர், கடும் நோயாளிகள், வீட்டில் சாவு நேர்ந்தவர்கள் ஆகியோர் 14 நாளையும் வீட்டிலேயே கழிக்கலாம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 8 முதல், புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஆர்டி-பிசிஆர் எடுத்து, தொற்று இல்லை என்ற தாளோடு வந்தவரும் நேரே வீட்டுக்குப் போக வழி பிறந்தது. மத்திய அரசின் விதிக்கு மேல் மாநிலங்களும் தத்தம் விதிகளைச் சேர்த்தன. எனவே நாட்டின் விதியைப் படித்ததோடு நிற்காமல், இறங்கப்போகும் விமான நிலையம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அதன் விதியையும் பார்ப்பது அவசியமானது.

எத்தனை நாள் என்பதைத் தீர்மானிப்பது கிருமியின் போக்கு. தொடக்க கால கொரோனா தொற்றில் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாள் ஆனது. ஏறக்குறைய எல்லாருக்கும் 14 நாளுக்குள் வெளிப்பட்டுவிட்டது. பதினான்கு என்ற எண் அங்கிருந்து வந்தது. பிறகு வந்த ஒமிக்ரான் வகையில் அந்த இடைவெளி சுமார் மூன்று நாளாகக் குறைந்தது. 2022 ஜனவரி 11 முதல் இந்தியா வெளிநாட்டிலிருந்து வந்த எல்லாருக்கும் 7 நாள் வீட்டுத் தனிமையும் எட்டாம் நாள் பரிசோதனையும் வைத்தது. பிப்ரவரி 14 முதல் அதையும் எடுத்துவிட்டு, 14 நாள் தன் உடல்நிலையைத் தானே கவனித்துக்கொண்டால் போதும் என்றது. ஹாங்காங் 2020 டிசம்பர் இறுதியில் 21 நாள் விடுதித் தனிமை விதித்திருந்தது. 2022 ஆகஸ்டில் அது மூன்று நாளாகி, செப்டம்பர் 26இல் விடுதித் தனிமையே இல்லாமல் போனது.

எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதையும் கேட்டுவைக்க வேண்டும். பிரிட்டன் தரையிறங்கிய நாளைப் பூஜ்யமாக எண்ணியது. அதனால் அங்கே பத்து நாள் தனிமை என்றால் விடுதியில் பதினோரு இரவு. விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வருபவருக்கு அந்த ஓர் இரவு சிறிய கணக்கல்ல.

மூன்று இடங்களில் வீடு எல்லாருக்கும் பிடித்தது. செலவில்லை, சொந்தச் சமையல், பழகிய படுக்கை. ஆனால் அதைத் தேர்வதற்கு முன் பார்க்க வேண்டியது பணத்தை அல்ல, கழிவறையை. வருபவருக்குத் தனி அறையும் அதை ஒட்டித் தனிக் கழிவறையும் இல்லையென்றால் அந்த வீடு தனிமைக்கு ஏற்றதல்ல. ஆறு பேர் ஒரே குளியலறைக்குக் காத்திருக்கும் வீட்டில், ‘மாடியறையில் படுத்துக்கொள்ளட்டும்’ என்று சொல்வதில் பயனில்லை. தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்வது, அவருடைய துணியைத் தனியே துவைப்பது, பேரனைக் காண ஓடி வரும் பாட்டியைத் தடுத்து நிறுத்துவது ஆகியவை இரண்டு நாளைக்கு நடக்கும், பத்து நாளைக்கு நடப்பது அரிது. வீட்டில் அறுபது வயதைத் தாண்டியவரோ சர்க்கரை நோயாளியோ இருந்தால், வசதி உள்ளவர் விடுதிக்கே போவது நல்லது. தனி வீடு ஒன்று ஒதுக்க முடிந்தால் அதுதான் எல்லாவற்றிலும் மேல்.

வீடு என்றதும் கட்டுப்பாடு தளர்வாக இருக்கும் என்று எண்ணவும் கூடாது. தமிழ்நாட்டில் தனிமையில் இருப்பவரின் வீட்டு வாசலில் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள்; தொற்று உறுதியான வீடுகள் சிலவற்றைத் தகரம் வைத்தும் அடைத்தார்கள். அந்த வேதனையை அனுபவித்த குடும்பங்கள் அக்கம்பக்கத்தாரின் பார்வையை இன்னும் மறந்திருக்காது. சிங்கப்பூர் 2020 ஆகஸ்டில், வீட்டில் தனிமை இருப்பவர்களின் கையில் மின்னணுப் பட்டை மாட்டியது. தைவான் கைப்பேசிக் கோபுரங்களின் குறிப்பை வைத்தே ஆள் நகர்வதைக் கண்டுபிடித்தது. அந்நாட்டின் கௌசியுங் நகர விடுதி ஒன்றில், தனிமையில் இருந்த பிலிப்பைன்ஸ் தொழிலாளி ஒருவர் அறையை விட்டு நடைவழிக்கு வந்து நின்றது எட்டே விநாடி. கண்காணிப்புக் கேமராவில் அது பதிவாகி, ஒரு லட்சம் தைவான் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது.

விடுதியைப் பொறுத்தவரை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது கட்டணம் தலைக்கா அறைக்கா என்பது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 14 நாளுக்கு முதல் பெரியவருக்கு 3,000 ஆஸ்திரேலிய டாலரும், அதே அறையில் இன்னொரு பெரியவருக்கு 1,000, பிள்ளைக்கு 500 டாலரும் வாங்கியது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை. பெற்றோரும் இரண்டு பிள்ளைகளுமாக நால்வர் ஒன்றாக வந்தால் 5,000 டாலர். அப்பா முன்னால் போய்விட்டுக் குடும்பம் பிறகு வந்தால் 3,000 டாலர் கட்டணம் இரண்டு முறை விழுந்தது. சிங்கப்பூரில் 14 நாளுக்கு 2,000 சிங்கப்பூர் டாலர். பிரிட்டனில் 1,750 பவுண்டாக இருந்தது 2021 ஆகஸ்ட் 12இல் 2,285 ஆனது. இரண்டாம் பெரியவருக்கான கட்டணம் 650 பவுண்டிலிருந்து 1,430க்குப் போனது. கையில் பணமில்லாதவர்களுக்குத் தவணையும், சில இடங்களில் தள்ளுபடியும் இருந்தன. அவற்றை முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும் என்பதைப் பலர் அறியவில்லை.

அடுத்தது காற்று. கொரோனா காற்றில் மிதந்து பரவும் என்பது தெளிவான பிறகு, விடுதிகளின் நடைவழிதான் பலவீனமான இடம் என்று புரிந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் விடுதிகளிலிருந்து தொற்று கசிந்து 2020இன் நடுவில் அந்த நகரமே மாதக்கணக்கில் அடைபட்டது. எதிரெதிர் அறைக்காரர்கள் ஒரே வேளையில் சாப்பாட்டுப் பையை எடுக்கக் கதவைத் திறந்தாலே ஓர் அறையின் காற்று மறு அறைக்குப் போய்விடக்கூடும். அதே நாட்டின் டார்வின் நகருக்கு அருகே ஹோவர்ட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், தொழிலாளர் குடியிருப்பாகக் கட்டிய தனித்தனிச் சிற்றறைகள் தனிமைக்குப் பயன்பட்டன. அவற்றின் கதவுகள் நடைவழிக்குத் திறக்காமல் வெளித் திண்ணைக்குத் திறந்தன. நிபுணர்கள் அந்த அமைப்பையே மேலாகச் சொன்னார்கள்.

ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் எந்த விடுதி என்பதை அரசு தீர்மானித்தது. ஹாங்காங்கிலும் இந்தியாவிலும் பட்டியலிலிருந்து பயணி தேர்ந்தெடுக்க முடிந்தது. அப்படித் தேர்வு கையில் இருக்கும்போது நட்சத்திரக் குறியைப் பார்ப்பதைவிடத் திறக்கும் சன்னல் உள்ள அறையைக் கேட்பது புத்திசாலித்தனம். அது கிருமிக்கும் நல்லது, பதினான்கு நாள் அடைந்து கிடக்கும் மனத்துக்கும் நல்லது. சாப்பாடு வந்ததும் பாய்ந்து திறக்காமல், முகக்கவசம் போட்டுக்கொண்டு, காலடி ஓசை ஓய்ந்த பிறகு கதவைத் திறக்க வேண்டும்.

அரசு முகாம் இலவசம் அல்லது மிக மலிவு. தமிழ்நாட்டில் கல்லூரி விடுதிகள் முகாம்களாயின. இலங்கையில் இராணுவம் முகாம்களை நடத்தியது. தமிழர்களுக்கு இது புதிதுமல்ல. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் இராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் தனிமை வைக்கப்பட்ட பிறகே கடல் கடந்தார்கள். முகாம் என்ற சொல் அந்த ஊர்ப் பெயரோடு இன்றும் ஒட்டியிருக்கிறது. முகாமின் குறை பொதுக் குளியலறையும் பொதுக் கூடமும். தனியறை கிடைக்கும் என்று உறுதியானால் முகாமைத் தயங்காமல் ஏற்கலாம். கூடத்தில் வரிசைக் கட்டில் என்றால், அது தொற்றில்லாமல் வந்தவருக்குத் தொற்று வாங்கித் தரும் இடமாகிவிடக்கூடும். உலக நாடுகள் ஏற்ற சர்வதேச சுகாதார விதிமுறைகளின் 40ஆம் பிரிவு, குடியேற வருபவர்கள் நீங்கலாகப் பயணிகளிடம் தனிமைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. நடைமுறையில் நாடுகள் வாங்கின. ஏழைத் தொழிலாளிக்கு இது பெரும் அநியாயம்.

சான்று விஷயத்தில் தேர்வு ஆர்டி-பிசிஆருக்கும் ஆன்டிஜென் பரிசோதனைக்கும் இடையே. ஆன்டிஜென் அரைமணிக்குள் முடியும், மலிவு. ஆனால் கிருமி குறைவாக இருந்தால் தவறவிடும். பிசிஆர் நுட்பமானது. அந்த நுட்பமே நோயிலிருந்து தேறியவருக்கு இடைஞ்சல்: செத்த கிருமியின் எச்சத்தைக்கூட வாரக்கணக்கில் காட்டிக்கொண்டிருக்கும். அண்மையில் தேறியவர், ஆன்டிஜெனை ஏற்கும் நாடா, தேறியதற்கான மருத்துவர் சான்றை ஏற்கும் நாடா என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்கா இரண்டையும் ஏற்றது. கடந்த 90 நாளுக்குள் தொற்று வந்து தேறியவர் புதிதாகப் பரிசோதிக்க வேண்டியிருக்கவில்லை.

மணிக்கணக்கா நாள்கணக்கா என்பதில் ஏமாந்தவர்கள் ஏராளம். அமெரிக்கா 2021 டிசம்பரில் 24 மணி என்று சொல்லாமல் ‘ஒரு நாள்’ என்றது. வெள்ளி இரவு விமானத்துக்கு வியாழன் காலை எடுத்த பரிசோதனையும் செல்லுபடியானது. இந்தியா கேட்டது 72 மணி; அந்த விதியில் ஒரு மணி தவறினாலும் விமானத்தில் ஏற இடமில்லை என்ற நிலை இருந்தது. 72 மணி விதியில் புறப்பாட்டுக்கு 48 மணி முன்னால் மாதிரி கொடுப்பது பத்திரம். முடிவு தாமதமானாலும் விமானம் தாமதமானாலும் ஒரு நாள் கையிருப்பு இருக்கும்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பரிசோதனைக்கூடத்தில் ‘எஸ். குமார்’ என்று பெயர் கொடுப்பார்கள். பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்து விரிந்து தந்தை பெயர் முழுதாக நிற்கும். இரண்டும் வேறு ஆள் என்று அயல்நாட்டு அதிகாரி எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. பாஸ்போர்ட்டை மேசையில் வைத்து எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதச் சொல்ல வேண்டும், அதன் எண்ணையும் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

தடுப்பூசியில் போகும் நாடு ஏற்பதே கணக்கு. இந்தியத் தடுப்பூசியான கோவேக்சினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகாலப் பட்டியலில் இடம் கிடைத்தது 2021 நவம்பர் 3இல்தான். அதற்கு முன் அதைப் போட்டுக்கொண்ட மாணவர்கள் பல நாடுகளில் தடுப்பூசி போடாதவர்களாகவே கருதப்பட்டார்கள். இந்தியாவில் போடப்பட்ட மற்றொரு தடுப்பூசியான கோவிஷீல்டை ஏற்ற பிரிட்டனும் இந்தியச் சான்றிதழை ஏற்கத் தயங்கியது. இந்தியா பதிலுக்கு 2021 அக்டோபர் 4 முதல் பிரிட்டிஷ் குடிமக்களுக்குப் பத்து நாள் தனிமை வைத்தது. அக்டோபர் 11இல் பிரிட்டன் இறங்கி வந்தது. அந்தப் பிணக்கின்போது, வயது மட்டும் இருந்த இந்தியச் சான்றிதழில் முழுப் பிறந்த தேதியையும் சேர்க்க வழி செய்தார்கள்.

நேர்வழி அடைபட்டால் மூன்றாம் நாட்டில் 14 நாள் தங்கிப் போகும் சுற்றுவழியை முகவர்கள் விற்பார்கள். அதைத் தேர்ந்தவர்கள் பட்ட பாடு நெஞ்சை உறுத்துவது. சவூதிக்குப் போக வேண்டிய இந்தியத் தொழிலாளர்கள் துபாயில் தங்கியிருந்தபோது, 2021 பிப்ரவரி 3இல் சவூதி அரேபியா, துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் கதவை மூடியது. பிறகு நேபாளம் வழியாகப் போனார்கள். ஏப்ரல் இறுதியில் நேபாளமும் தன் நாட்டை வழியாகப் பயன்படுத்தக் கூடாது என்றது. கடன் வாங்கிக் கட்டிய பணம் பாதி வழியில் முடிந்தது. விதி வாரத்துக்கு வாரம் மாறும் காலத்தில், எல்லைகள் கூடக்கூட ஆபத்தும் கூடும். வேலை பறிபோகும் நிலை இல்லையென்றால் நேர்வழி திறக்கும்வரை பொறுத்திருப்பதே மேல். போயே ஆக வேண்டியவர், வழியில் உள்ள நாட்டில் கூடுதலாக ஒரு மாதம் தங்கப் பணமும் விசாவும் உண்டா என்று பார்த்த பிறகு பணம் கட்டட்டும். தேதி மாற்றக்கூடிய பயணச்சீட்டு சற்று விலை கூடினாலும் அதையே வாங்க வேண்டும்.

ஊரில் பெற்றோர் நோயில் கிடக்கும்போது செய்ய வேண்டிய தேர்வு எல்லாவற்றிலும் கடினமானது. இந்தியாவின் 2020 விதிகள் கடும் நோய்க்கும் சாவுக்கும் தளர்வு தந்தன. 2021 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த விதியில், பரிசோதனைத் தாள் இல்லாமல் வர அனுமதி வீட்டில் சாவு நேர்ந்தவருக்கு மட்டுமே. அதற்கும் விமானம் ஏறுவதற்கு 72 மணி நேரம் முன்பே ஏர் சுவிதா என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்கச் சொன்னது. சாவுச் செய்தி வந்த மறுநாளே எடுத்துவிடும் நம் வழக்கத்தில், இந்தச் சலுகையை நம்பியிருந்த பிள்ளை முகம் பார்க்கப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. அதே விதியில், வழக்கமான பிசிஆர் தாளோடு வருபவருக்குக் காரணமே கேட்கவில்லை. ஆகவே இத்தகைய விதி நிலவும் காலத்தில், மருத்துவர் கைவிரிக்கும்வரை காத்திராமல், படுத்த படுக்கையானார் என்ற செய்தி வந்த நாளிலேயே பரிசோதனைக்கு மாதிரி கொடுத்துவிட்டுப் பயணச்சீட்டு எடுப்பதே, தனிமை நாள்களையும் கழித்து அவர் அருகில் உட்கார வழி.