நூலுக்குள் ஒரு சில்லு

பொது நூலகத்தில் நூல்களை இரவல் வாங்குவது இன்று மிக எளிது. தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று நூல்களைச் சுயசேவை இயந்திரத்தின் மேடைமீது வைக்கிறோம். கண் இமைக்கும் நேரத்தில் அவற்றின் தலைப்புகள் திரையில் தோன்றுகின்றன. நாம் நூலைத் திறந்து காட்டவில்லை. எந்த எண்ணையும் தட்டச்சு செய்யவும் இல்லை. அப்படியிருக்க, தன்மேல் இருப்பவை எந்த நூல்கள் என்பதை அந்த இயந்திரம் எப்படி அறிந்துகொள்கிறது?

விடை நூலுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு நூலிலும் காகிதம்போல் மெல்லிய அடையாள வில்லை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதில் மிகச் சிறிய மின்னணுச் சில்லும் அதனோடு இணைந்த உலோகச் சுருளும் உள்ளன. வில்லையில் மின்கலம் இல்லை. இயந்திரம் வெளியிடும் வானலைகளிலிருந்தே அந்தச் சுருள் தனக்குத் தேவையான ஆற்றலைப் பெறுகிறது. அந்த ஆற்றலால் சில்லு இயங்கத் தொடங்கி, தன்னுள் பதிந்துள்ள எண்ணை இயந்திரத்திற்குத் தெரிவிக்கிறது. அந்த எண்ணுக்கு உரிய நூல் எது என்பதை நூலகத்தின் கணினி உடனே கண்டுபிடித்துவிடுகிறது. இதுவே வானலை அடையாளத் தொழில்நுட்பம். சுருக்கமாக இதனை ஆர்.எஃப்.ஐ.டி. என்பர். பேருந்தில் ஏறும்போது நாம் பயன்படுத்தும் பயண அட்டையும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது.

இத்தொழில்நுட்பம் வருவதற்கு முன்பு, நூல்களை அடையாளம் காணப் பட்டைக்குறியீடு பயன்பட்டது. பட்டைக்குறியீட்டின்மீது ஒளிக்கதிர் நேரடியாகப் பட வேண்டும். ஆகவே, ஊழியர் ஒவ்வொரு நூலாக எடுத்து, சரியான பக்கத்தைத் திருப்பிக் காட்ட வேண்டியிருந்தது. 1995ஆம் ஆண்டில் தேசிய நூலக வாரியம் அமைக்கப்பட்ட பிறகு, நூலகங்களின் எண்ணிக்கையும் வாசகர்களின் எண்ணிக்கையும் பெருகின. வாரயிறுதிகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் முகப்புகளின் முன்னால் வரிசை நீண்டது. படிக்கும் ஆர்வத்தோடு வந்தவர்கள் பொறுமையிழந்தனர். வரிசை நீளும்போதெல்லாம் புதிய ஊழியர்களை நியமித்துக்கொண்டே போவதும் இயலாத செயலாக இருந்தது.

இச்சிக்கலுக்குத் தீர்வு காணும் முயற்சியாக, 1998ஆம் ஆண்டில் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் ஆர்.எஃப்.ஐ.டி. தொழில்நுட்பம் சோதித்துப் பார்க்கப்பட்டது. உலகில் இதனை முதன்முதலில் பயன்படுத்திய பொது நூலகங்களுள் அதுவும் ஒன்று. 2002ஆம் ஆண்டிற்குள் சிங்கப்பூரின் பொது நூலகங்கள் அனைத்திற்கும் இத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. அதே ஆண்டில், வாசகர்கள் தங்கள் தேவைகளைத் தாங்களே கவனித்துக்கொள்ளும் சுயசேவை நூலகம் செங்காங்கில் திறக்கப்பட்டது.

நூல்களைத் திருப்பிக் கொடுப்பதும் எளிதாகிவிட்டது. நூலகம் மூடியிருக்கும் நேரத்திலும் வெளியே உள்ள திறப்பின் வழியாக நூலைச் செலுத்தலாம். உள்ளே இருக்கும் கருவி சில்லின் எண்ணைப் படித்து, நம் கணக்கிலிருந்து அந்நூலை உடனே நீக்கிவிடுகிறது. சில நூலகங்களில், திரும்பி வந்த நூல்களை வகைவாரியாகப் பிரிக்கும் வேலையையும் இயந்திரமே செய்கிறது. மேலும், முறைப்படி இரவல் வாங்காத நூலை எடுத்துச் செல்ல முயன்றால், வாயிலில் உள்ள கருவி ஒலி எழுப்பும் வகையிலும் இதனைப் பயன்படுத்தலாம். இவ்வாறு ஒரே சில்லு, பதிவேடாகவும் காவலாளியாகவும் செயல்படுகிறது.

இயந்திரங்கள் வந்துவிட்டால் நூலக ஊழியர்களுக்கு என்ன வேலை என்ற கேள்வி எழுவது இயல்பே. நூலகரின் திறமை நூலில் முத்திரை குத்துவதில் இல்லை. சிறுவர்களுக்குக் கதை சொல்வது, ஒப்படைப்புக்குத் தகவல் தேடும் மாணவருக்கு வழிகாட்டுவது, கணினி பழகாத முதியவருக்கு அருகிலிருந்து கற்றுத் தருவது போன்ற பணிகளை எந்தச் சில்லும் செய்ய முடியாது. முகப்பில் மிச்சமாகும் நேரம் இப்பணிகளுக்குக் கிடைக்கும்போதுதான் தொழில்நுட்பத்தின் பயன் முழுமை பெறுகிறது.

இருப்பினும், இத்தொழில்நுட்பத்திற்கும் சில வரம்புகள் உண்டு. வானலைகளை உலோகம் தடுக்கும். ஆகவே, உலோகப் பூச்சுள்ள அட்டையைக் கொண்ட நூலை இயந்திரம் சில சமயங்களில் அறியாமல் போகலாம். மெல்லிய நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, அவற்றின் வில்லைகள் மிக நெருங்கி இருப்பதால் ஏதேனும் ஒன்று விடுபடவும் கூடும். எனவே, நூல்களை எடுத்துக்கொண்டு கிளம்புமுன் திரையில் உள்ள பட்டியலைச் சரிபார்ப்பது நல்லது. நாம் என்ன படிக்கிறோம் என்பது நமது தனிப்பட்ட விவகாரம். சில்லில் பொதுவாக நூலின் அடையாள எண் முதலிய விவரங்களே இருக்கும். வாசகரின் பெயர் நூலகத்தின் கணினியில்தான் இருக்கும். அதனைப் பாதுகாப்பது நூலகத்தின் கடமை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், இடம் மாறிய நூல். ஒரு நூல் நூலகத்தில் இருப்பதாகக் கணினி காட்டும். ஆனால், உரிய அலமாரியில் அது இருக்காது. இடம் மாறிய நூலும் தொலைந்த நூலும் தேடுபவருக்கு ஒன்றுதான். இதற்காக, சிங்கப்பூரின் ஏஸ்டார் ஆய்வு அமைப்பைச் சேர்ந்த அறிவியலாளர்கள் தானே நகரும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினர். அது நூலகம் மூடிய பிறகு அலமாரிகளின் ஓரமாக நகர்ந்து, நூல்களில் உள்ள சில்லுகளைப் படித்து, இடம் மாறிய நூல்களைப் பட்டியலிடும். பாசிர் ரிஸ் நூலகத்தில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆனால், அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நூலையும் உரிய இடத்தில் வைப்பவர் ஊழியர்தான்.

நூல்கள் தாமாக இடம் மாறுவதில்லை. புரட்டிப் பார்த்துவிட்டுக் கைக்கு எட்டிய இடத்தில் செருகிவிடுவோர் உண்டு. அடுத்த முறையும் தமக்கே கிடைக்க வேண்டும் என்று வேறு அலமாரியில் மறைத்து வைப்போரும் உண்டு. நூலகத்தில் ஒரே ஒரு படி மட்டும் உள்ள தமிழ் நூல் இப்படி மறைந்துவிட்டால், அதனை நாடி வரும் மாணவர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். நூல் இருந்த இடம் நினைவில்லை என்றால், அதனை ஊழியரிடம் கொடுத்துவிடலாம். நூல் எது என்பதைச் சில்லு சொல்லும். அது அடுத்தவர் கைக்குக் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.